நாற்காலியை விட்டு எழாதவன்

கிரிக்கெட் பார்க்கையில் இருந்த இடத்தை விட்டு அசைய மறுப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜோடி நிலைத்து ஆடும்வரை யாரும் எழக் கூடாது. ஒருவர் வெளியே போன சமயம் பவுண்டரி விழுந்துவிட்டால், அவர் வெளியிலேயே நின்றுகொள்ள வேண்டும். படித்தவர்களும், கோயில் வாசலை மிதிக்காதவர்களும்கூட இதைச் செய்கிறார்கள். மூடநம்பிக்கை என்று பெயரிட்டதும் பகுத்தறிவின் வேலை முடிந்துவிடுகிறது, பிரச்னை முடிவதில்லை. தங்கள் நாற்காலிக்கும் மைதானத்துப் பந்துக்கும் காரண காரிய உறவு கிடையாது என்று கேட்பதற்கு முன்பே இவர்கள் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, எழுந்திருக்க மாட்டார்கள்.

ட்ரோப்ரியாண்ட் தீவுகளில், அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது மந்திரம் இல்லை, திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் உண்டு என்று மாலினோவ்ஸ்கி எழுதினார். அபாயமும் நிச்சயமின்மையும் உள்ள இடத்தில் மந்திரம் நுழைகிறது என்பது அவர் முடிவு. ஆட்டக்காரனுக்கு இது பொருந்தும். ரசிகனோ கடலுக்கே போகாதவன், கரையில் உட்கார்ந்திருப்பவன். அவனை வதைப்பது செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான். அசையாதிருத்தல் அவன் தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட செயல்.

மைக்கேல் டம்மெட் 1964இல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனைக் குலத்தலைவன் வருகிறான். இளைஞர்கள் சிங்க வேட்டைக்குப் போகிறார்கள். போக இரண்டு நாள், வேட்டை இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். அவர்கள் வீரத்தோடு நடந்துகொள்ள வேண்டி, ஆறு நாளும் தலைவன் நடனமாடுகிறான். வேட்டை முடிந்த பிறகும் ஏன் ஆட வேண்டும்? டம்மெட்டுக்கு இது காலத்தையும் காரணத்தையும் பற்றிய தர்க்கப் பிரச்னை. எனக்கு அந்தக் கடைசி இரண்டு நாட்களில் வேறொன்று தெரிகிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டால் அவன் அவர்களைக் கைவிட்டவனாகிறான். நாற்காலியை விட்டு எழாதவனின் நிலையும் இதுதான். அவனிடம் இருப்பது நம்பிக்கைகூட அல்ல, ஒருவகை விசுவாசம்.

இவ்வளவு தூரம் அவனுக்காகப் பேசலாம். இனிமேல் முடியாது.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு வேண்டியது 271. டெண்டுல்கர் 136 ரன்னில், சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தபோது ஸ்கோர் 254. மீதி மூன்று விக்கெட்டுகள் 4 ரன்னில் போயின. தோல்வி 12 ரன்னில். அந்த நேரத்தில் தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதைத் தண்டனைக்குரிய குற்றம்போல இன்றும் சொல்லும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. பாதி வேடிக்கையாகத்தான் சொல்கிறார். மீதிப் பாதிதான் என்னை உறுத்துகிறது.

குற்றவுணர்வு பணிவின் முகத்தோடு வருகிறது. ஆனால் இந்தக் குற்றவுணர்வுக்குள் இருப்பது பெரும் அகங்காரம். 'என்னால்தான் தோற்றது' என்று சொல்லும்போது சக்லைன் அங்கே இல்லாமல் போகிறார். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்த உழைப்பு, அந்த விரல்களின் வித்தை, எல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. மந்திர மனோபாவத்தின் ஒழுக்கக் குறை அதன் பொய்மையில் இல்லை. இன்னொருவன் செய்ததை அவனிடமிருந்து அது பறித்துக்கொள்கிறது. எதிரியாக இருக்கும் உரிமையைக்கூட அவனுக்கு மறுக்கிறது.

அன்று மைதானத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. தோல்விக்குப் பிறகு சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டது. டம்மெட்டின் தலைவனைப்போலவே இவர்களும் எல்லாம் முடிந்த பிறகுதான் செயல்பட்டார்கள். ஆனால் அவனுடைய நடனம் ஒன்றை வேண்டி நின்றது. இந்தக் கைதட்டலால் ஒரு ரன்கூட மாறப்போவதில்லை என்பது தட்டியவர்களுக்குத் தெரியும். இதைத் தாங்கள் செய்யவில்லை, அவர்கள் செய்தார்கள் என்று ஒப்புக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

என் நண்பர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாரா என்று நான் கேட்டதில்லை.