சிக்கனம் யார் தட்டில்?



ஜவ்வாது மலையில் சாமையை உமியோடு சேர்த்து வைப்பார்கள், ஆண்டுக்கணக்கில் கெடாது. வேண்டிய அளவே எடுத்துக் குத்திச் சமைப்பது நல்ல சிக்கனம். ஆனால் தானியம் குறையும் நாளில் முதலில் குறைவது எந்தத் தட்டு? தாயின் தட்டு. கடைசியில் உட்கார்ந்து "பசியில்லை" என்பாள். வீட்டாரும் நம்பிவிடுவார்கள், நம்புவது வசதி அல்லவா!

குமரிக் கடற்கரையில் வாகைப்பதித் துவையல் தவசில் 700 குடும்பங்கள் கடலில் துவைத்துக் குளித்து, ஒரே எளிய உணவை உண்டன. குறைவு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதனால் அது தவம். வீட்டில் ஒருத்தி மட்டும் வயிற்றைச் சுருக்கினால் அதற்கும் தவம் என்று பேர் வைக்கலாமா?

அன்புக்கொடி மக்களே, பானைக் கஞ்சியைத் தலைக்கொரு பங்காக முதலிலேயே ஊற்றி வையுங்கள். எல்லோருக்கும் கொஞ்சம் குறையும், அவளுக்கும் இருக்கும்.