அலறட்டும் ஆம்ப், அஞ்சாதே நீ!

தம்பி, பாபநாசம் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் கொடை. உன் குழுவின் மெல்லிசைக் கச்சேரி. முதல் பாட்டிலேயே ஆம்ப் கீச்சென்று அலறுகிறது. கூட்டம் காதைப் பொத்துகிறது. "என் கிட்டார் மட்டம், நமக்கு இது சரிப்படாது" என்று அந்த நொடியே முடிவு கட்டிவிடுகிறாய். யார் கொடுத்தார்கள் அந்தத் தீர்ப்பை?

அலறலை முதலில் புரிந்துகொள். கம்பியின் அதிர்வைப் பிக்கப் மின்சாரமாக்குகிறது, ஆம்ப் அதைப் பெருக்குகிறது, ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்பி வந்து அதே கம்பியை ஆட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பலம் கூடினால் அலறல். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சுற்றை ஓரிடத்தில் வெட்டு! ஸ்பீக்கருக்கு நேரே நிற்காதே, இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் திரும்பு. வாசிக்காத கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கு. டிஸ்டார்ஷன் பெடலின் கெயினைப் பாதியாகக் குறை. கெயின் ஏறினால் வீரம் ஏறும் என்பது பெரிய மூடநம்பிக்கை. வீட்டில் தனியாக வாசிக்கையில் ஆம்ப்பின் மிட்டை, அதாவது நடு அலைவரிசை ஒலியை, குறைத்தால் இனிக்கும். ஆனால் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் உன் கிட்டார் காணாமலே போகும். மேடையில் மிட்டை ஏற்று.

கம்பிகளை முழுக்க அமுக்கியும் விசில் நிற்கவில்லையா? பிக்கப்பின் சுருள் தளர்ந்து தானே அதிர்கிறது. மெழுகில் முக்கி எடுத்தால் அடங்கும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வேறு சாதி. 1944 முதல் தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிற ஊர் பாபநாசம். நம் லைன் கரண்ட் நொடிக்கு 50 சுற்று சுழல்வது. அதைத்தான் ஒற்றைச் சுருள் பிக்கப் பிடித்துப் பாடுகிறது. கிப்சன் கிட்டார் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தங்களையும் மாற்றி வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று தின்றது, கம்பியின் நாதம் கூடியது. அந்த இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் உன்னிடம் இல்லையென்றால், சீரியல் செட் ஓடும் லைனில் ஆம்ப்பைச் சொருகாமலாவது இரு. எர்த் பின்னை ஒடித்தால் இரைச்சல் போகும் என்று எவனாவது சொன்னால் அவனை மேடைக்குக் கீழே அனுப்பு. இரைச்சலோடு உயிரும் போகும்!

காசில்லை என்கிறாயா? காசைவிடக் காதுதான் முக்கியம். மாண்டலின் கலைஞர் உ. சீனிவாஸைப் பார். மாண்டலினில் மீட்டிய ஒலி சட்டென்று செத்துவிடும், கமகம் நிற்காது. மேற்கத்திய வாத்தியத்தில் கர்நாடக இசையா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. எட்டுக் கம்பியை ஐந்தாக்கினார், மின் மாண்டலினைக் கையில் எடுத்தார், நாதத்தை நீட்டினார். 1981-ல் சென்னை மேடை ஏறியபோது அவர் சிறுவன். வேண்டிய ஒலி காதுக்குள் முதலில் கேட்டது. வாத்தியம் அதற்குப் பணிந்தது. உனக்கு என்ன ஒலி வேண்டும்? அதைச் சொல்லத் தெரியாமல் நாலு பெடல் வாங்கி என்ன பயன்?

பழகிவிட்டால் அலறலே உனக்கு வேலை செய்யும். பீட்டில்ஸ் 1964-ல் ஒரு பாட்டையே அந்த ஒலியில் தொடங்கினார்கள். கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை வைத்துக் கூட்டத்தையே ஆட்டிப் படைத்தார். மேடை ஒத்திகையில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்தபடி ஆம்ப் முன்னால் மெதுவாக நட. ஓரிடத்தில் அது கீச்சிடாமல், தேயாமல் நீண்டு நிற்கும். தரையில் சாக்பீஸால் கோடு கிழி. கடைசிப் பாட்டுக்கு அங்கே போய் நில்!