எடுத்தலும் வீசுதலும்

கண்டியிலிருந்து வடக்கே புறப்படும் ஏ9 வீதி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, அக்குறணை வழியாக மாத்தளைக்கு வருகிறது. பிறகு நாலந்தாவையும் நாவுலவையும் தாண்டித் தம்புள்ளையைத் தொடுகிறது. வீதியின் இந்தப் பகுதிக்கு ஒரு முனையில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானம் இருக்கிறது. மறுமுனையில், 2001 மார்ச்சில் இலங்கையும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டத்தோடு சர்வதேச ஒருநாள் போட்டிகளைக் காணத் தொடங்கிய ரங்கிரி தம்புள்ளை மைதானம். ஒன்று பாடசாலைப் பிள்ளைகள் ஆடும் இடம். மற்றது ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டோர் ஆடும் இடம். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர். மாத்தளை மாணவர்கள் நாள்தோறும் பஸ்ஸில் போய்வரும் வீதிதான் இது. ஆனால் முதல் மைதானத்தில் பெயர் பெற்ற ஒருவன் இரண்டாவது வகை மைதானத்துக்குப் போகும்போது எதைக் கொண்டு செல்கிறான், எதை விட்டுச் செல்கிறான்? இந்த ஒரு கேள்வியைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் ‘கல்லூரி’ என்ற பெயர் பெரும்பாலும் பாடசாலையையே குறிக்கும். அத்தகைய கல்லூரி ஒன்றில்தான் முத்தையா முரளிதரன் பயின்றார். 1972 ஏப்ரல் 17இல் கண்டியில், மலையகத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். புனித அந்தோனியார் கல்லூரியின் முதல் பதினொருவர் அணியில் நான்கு ஆண்டுகள் ஆடினார். கடைசி இரண்டு பருவங்களில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி, 1990/91ஆம் ஆண்டின் சிறந்த பாடசாலை கிரிக்கெட் வீரராகத் தெரிவானார். பதினெட்டு வயது நிரம்பிய ஒருவருக்கு நாடு தரக்கூடிய மிக உயர்ந்த பாடசாலைக் கௌரவம் அது.

அடுத்து நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாடசாலையை விட்டதும் கொழும்பின் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்து சென்றார். அங்கே ஐந்து ஆட்டங்களில் ஆடினார். ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. 1992 ஓகஸ்ட் 28இல், தம் இருபதாவது வயதில், கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்டில் இறங்கினார். கிரெய்க் மெக்டெர்மட் அவருடைய முதல் விக்கெட். அந்த ஆட்டம் முழுவதிலும் 141 ஓட்டங்களைக் கொடுத்து 3 விக்கெட்டுகளை எடுத்தார். பாடசாலையில் இரண்டு பருவங்களில் தாண்டிய நூறு என்ற எண்ணை டெஸ்டில் எட்ட அவருக்கு 27 ஆட்டங்களும் நாலரை ஆண்டுகளும் தேவைப்பட்டன. 1997 மார்ச்சில்தான் அந்த நூறு வந்தது. அப்படியானால் பாடசாலை நூறு என்ன ஆனது? அது எவருக்கும் கைமாறாத நூறு. ஆனால் புதிய களத்தின் கணக்கில் அது சேராது. அங்கே கணக்கு சுழியத்திலிருந்துதான் தொடங்கும்.

இங்கே ‘சாதனை’ என்ற சொல்லுக்குள் நுழைய வேண்டும். இன்று நாம் இதை முறியடிக்கத்தக்க ஓர் எண்ணுக்குப் பெயராக வழங்குகிறோம்: சாதனை படைத்தார், சாதனையை முறியடித்தார் என்கிறோம். ஆனால் இது வடமொழியின் ‘சாதனா’ என்பதிலிருந்து வந்தது. இலக்கை நோக்கிச் செய்யும் இடைவிடாத முயற்சி என்பதே அதன் பழைய பொருள். அதே வேரில் பிறந்த ‘சாதகம்’ என்ற சொல்லை இசைக் கலைஞர்கள் இன்றும் அந்தப் பொருளிலேயே வழங்குகிறார்கள். விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்கிறேன் என்பார்கள். அங்கே எண் ஏதும் இல்லை. முயற்சியின் பெயர், காலப்போக்கில் முயற்சி ஈட்டிய பொருளுக்குப் பெயராகிவிட்டது. தமிழின் ‘பயிற்சி’ அவ்வாறு இடம் மாறவில்லை. பயில்தல் என்றால் பழகுதல். அடிக்கடி நிகழ்தல், நெருங்கிச் செறிதல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. திரும்பத் திரும்பச் செய்வதால் செறிவது எதுவோ, அது பயிற்சி.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணம் இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. ‘எடுத்தான்’ என்பது வினைமுற்று. அது காலம் காட்டும்; செயல் முடிந்துவிட்டது என்று சொல்லும். ‘வீசுதல்’ என்பது தொழிற்பெயர். அது பொதுவாகக் காலம் காட்டாது. நேற்று வீசியதும் இன்று வீசுவதும் நாளை வீசப்போவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். செயலின் பெயருக்கு நம் இலக்கண நூலோர் ‘தொழில்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது சிந்திக்கத்தக்கது. பிழைப்புக்குச் செய்யும் வேலையையும் காலம் காட்டாத செயலையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். பாடசாலைச் சாதனை ஒரு வினைமுற்று. தொழில் ஒரு தொழிற்பெயர். முன்னதை ஏட்டில் எழுதி மூடிவிடலாம். பின்னதை ஒவ்வொரு நாளும் மறுபடி செய்தே ஆகவேண்டும்.

அப்படியானால் கட்டுகஸ்தோட்டையிலிருந்து முரளிதரன் எடுத்துச் சென்றது எது? அதற்கு அவருடைய பதினான்காம் வயதுக்குத் திரும்ப வேண்டும். அப்போது அவர் மிதவேகப் பந்துவீச்சாளர். பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படியே சுழல் பந்துக்கு மாறினார். வலக்கை ஓஃப் சுழல் வீசுவோர் பெரும்பாலும் சுட்டுவிரலையும் நடுவிரலையும் நம்பிப் பந்தைத் திருப்புவார்கள். முரளிதரன் விரல்களோடு மணிக்கட்டையும் முழுதாகச் சுழற்றினார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கையும் நன்கு வளைந்து கொடுக்கும் மணிக்கட்டும் அந்த வீச்சுக்குத் தனி வடிவம் தந்தன. இங்கிலாந்தில் விக்கெட் கிடைக்காத அந்த ஐந்து ஆட்டங்களிலும் இந்த மணிக்கட்டு அவரோடுதான் இருந்தது. எண்கள் பாடசாலை ஏட்டில் தங்கின; கை மட்டும் அவரோடு பயணம் செய்தது.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று. அமெரிக்கக் காற்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் தாக்குதலை வழிநடத்தி, பந்தை எறிந்து சக வீரரிடம் சேர்ப்பவர். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கேஸ் கீனம், எறிந்து ஈட்டிய மொத்தத் தூரமாக 19,217 யார் சேர்த்துப் பல்கலைக்கழக ஆட்டத்தில் சாதனை படைத்தார். 2012இல் தொழில்முறை அணிகள் முப்பத்திரண்டும் கூடி 253 புதிய வீரர்களைத் தெரிவுசெய்தன. அந்த 253இல் கீனமின் பெயர் இல்லை. பின்னர் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் கழகம் அவரைப் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டது. 2018 ஜனவரியில், மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக, ஆட்டத்தின் கடைசி நொடிகளில் எறிந்த ஒரு பந்தால் நியூ ஓர்லியன்ஸ் அணியை வென்றார். பத்தொன்பதாயிரம் யார் அவருக்கு வாயில் திறக்கவில்லை. அவ்வளவு தூரம் எறிந்து பழகிய தோள்தான், பயிற்சிக் குழுவிலிருந்து அந்தக் கடைசி எறி வரைக்கும் அவரைக் கொண்டுசேர்த்தது.

இனி ஓட்டப்பதிவு ஏட்டின் ஒரு கட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஓட்டமும் விக்கெட்டும் இல்லாத ஒவ்வொரு பந்துக்கும் பதிவாளர் ஒரு புள்ளி வைப்பார். ஓட்டமும் விக்கெட்டும் இல்லாமல் ஓவர் முடிந்தால், மும்மூன்றாக இரண்டு வரிசையில் நிற்கும் அந்த ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில ‘எம்’ எழுத்தின் வடிவம் வரைவார். அது மெய்டன் ஓவருக்கு அடையாளம். நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இழுப்பதைப் போன்றதே இதுவும். புள்ளி இல்லாமல் கோட்டுக்கு நிற்க இடமில்லை. முரளிதரன் 133 டெஸ்டுகளில் 44,039 பந்துகளை வீசி 800 விக்கெட்டுகளை எடுத்தார். எண்ணூறாவது விக்கெட் 2010 ஜூலை 22இல் காலியில், அவருடைய கடைசி டெஸ்டில் அவர் வீசிய கடைசிப் பந்தில் விழுந்தது. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 55 பந்துக்கு ஒரு விக்கெட். உலகத்தில் வேறெவரும் எட்டாத அந்தச் சாதனைக்குள்ளே, விக்கெட் விழாத பந்துகள் நாற்பத்து மூவாயிரத்துக்கும் அதிகம். ‘எடுத்தான்’ என்பது 800 முறை நிகழ்ந்தது. ‘வீசுதல்’ 44,039 முறை. சாதனை என்ற சொல்லின் பழைய பொருள் இந்த இரண்டாவது எண்ணில்தான் குடியிருக்கிறது.

ஆகவே மாத்தளையின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பாடசாலையில் புகழ்பெற்ற பிள்ளை கொழும்புக் கழகமொன்றில் சேர்ந்து, முதல் ஆட்டம் முடிந்து, இரவு பஸ்ஸில் வந்து இறங்குவான். வாசலில் நின்று நாம் வழக்கமாகக் கேட்பது, “எத்தனை எடுத்தாய், மகன்?” என்பதுதான். அன்று அதற்கு அவனிடம் விடை இல்லாமல் போகலாம். “இன்று எப்படி வீசினாய்?” என்று கேளுங்கள். தோளிலிருந்து பையை இறக்கி வைத்து, வெறுங்கையால் பந்தைப் பிடித்துக் காட்டி, மணிக்கட்டைத் திருப்பி அவன் விளக்கத் தொடங்கினால், அவன் தன் தொழிலுக்குள் நுழைந்துவிட்டான் என்று அறியலாம்.