புகைக்குப் பின் வந்த நெருப்பு

அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீன். இருட்டியதும் பிள்ளைகள் பேயாகவும் சூனியக்காரியாகவும் வேடம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவையும் தட்டலாம். இந்தப் பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு திகில் கதையும் வளர்ந்தது. எங்கோ ஒரு வீட்டில் ஒருவன் ஆப்பிளுக்குள் பிளேடைச் செருகிவைத்திருக்கிறான், மிட்டாயில் விஷம் கலந்து வைத்திருக்கிறான் என்று. அவனுக்குப் பெயர் கிடையாது. யார் மேலும் பகை கிடையாது. எந்தப் பிள்ளை வந்தாலும் அவனுக்குச் சரிதான்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பது நம் வழக்கம். இந்த விஷயத்தில் புகைதான் முதலில் வந்தது. 1960களின் பிற்பகுதியிலேயே பிளேடு வைத்த ஆப்பிள் பற்றிய பேச்சு பரவி, நியூஜெர்சி மாநிலம் அதற்கென்று தண்டனைச் சட்டமே இயற்றியது. பண்டிகை நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகள் பெற்றோரை எச்சரித்தன. 1974 வாக்கில் நாடு முழுவதும் இந்தக் கதையை நம்பியது. டெக்சஸில் ஒருவர் இந்த நம்பிக்கையையே முதலாகப் போட்டார்.

ரொனால்ட் கிளார்க் ஓபிரையன், ஹூஸ்டனை அடுத்த டியர் பார்க்கில் குடியிருந்தவர். மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கும் வேலை. தேவாலயத்தில் பாடுவார், ஊரில் நல்ல பெயர். கடன் மட்டும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டில் தன் இரண்டு பிள்ளைகள் மீதும் ஆயுள் காப்பீடு எடுத்தார், பிறகு அந்தத் தொகையை உயர்த்தவும் செய்தார். மகனுக்கு எட்டு வயது.

ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விளக்கு எரியவில்லை, யாரும் திறக்கவும் இல்லை. பொறுமையில்லாமல் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். பின்தங்கிய ஓபிரையன், அந்த வீட்டில் ஆள் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு, கையில் ஐந்து நீளமான ‘பிக்ஸி ஸ்டிக்ஸ்’ குழல்களோடு வந்து சேர்ந்தார். புளிப்புச் சர்க்கரைத் தூள் அடைத்த மிட்டாய் அது. ஐந்திலும் மேல்பகுதித் தூளை எடுத்துவிட்டு, பொட்டாசியம் சயனைடு நிரப்பி, ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தது. அன்றிரவு தின்ற மகன் கசக்கிறது என்றான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துபோனான்.

ஐந்து குழல்கள் எதற்கு என்பதுதான் இந்த வழக்கில் என்னை உலுக்கும் இடம். இரண்டு தன் பிள்ளைகளுக்கு; காப்பீட்டுக்கு அது போதும். மற்ற மூன்றும் வேறு குழந்தைகளுக்குப் போயின. ஒரே வீட்டில் மட்டும் சாவு விழுந்தால் போலீஸ் அந்த வீட்டைத்தான் தோண்டும். ஊருக்குள் ஆங்காங்கே பிள்ளைகள் செத்தால், பழி கதையில் வரும் அந்தப் பெயரில்லாதவன் மேல் விழும். மற்ற நான்கு குழல்களையும் யாரும் தின்னவில்லை. ஒரு பையன் பின்னைப் பிரிக்க முடியாமல், குழலைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தான்.

எந்த வீடு என்று போலீஸ் கேட்டபோது ஓபிரையன் முதலில் தடுமாறினார். பிறகு ஒரு வீட்டைக் காட்டி, கதவு லேசாகத் திறந்தது, ஒரு கை மட்டும் நீண்டது என்றார். அந்த வீட்டுக்காரர் விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர். சம்பவ நேரத்தில் அவர் பணியில் இருந்ததற்குச் சாட்சிகள் ஏராளம். காப்பீட்டு விவரமும், சயனைடு எங்கே கிடைக்கும் என்று ஓபிரையன் விசாரித்துத் திரிந்ததும் அடுத்தடுத்து வெளிவந்தன. 1975 ஜூனில் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் குற்றவாளி என்று தீர்மானித்தது. கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1984 மார்ச் 31 அன்று ஹன்ட்ஸ்வில் சிறையில் விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். வெளியே கூடிய கூட்டத்தில் சிலர் ஹாலோவீன் கோஷம் போட்டார்கள். மரண தண்டனையை எதிர்த்து நின்றவர்கள் மேல் மிட்டாயை வீசினார்கள்.

தீர்ப்பு வந்தபின் கதை செத்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. ‘டெக்சஸில் ஒரு பையன் செத்தானே’ என்பது கதைக்கே ஆதாரமாகிவிட்டது. கொன்றது அப்பா என்ற பாதி மட்டும் சொல்பவர் வாயில் உதிர்ந்துபோனது. 1970இல் டெட்ராய்டிலும் இப்படித்தான். ஐந்து வயதுக் குழந்தை ஹெராயினால் இறந்தது, மிட்டாய் மேல் பழி போட்டார்கள். ஹெராயின் உறவினர் வீட்டில் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், ஜெரால்ட் ஹோரியுச்சியுடன் சேர்ந்து 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைச் சலித்து, 1985இல் முடிவை வெளியிட்டார். அந்நியர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை செத்ததாகவோ படுகாயம் அடைந்ததாகவோ அவருக்குச் சான்று கிடைக்கவில்லை. வந்த புகார்களில் பெரும்பாலானவை புரளி.

முகமில்லாத கொலைகாரனே கிடையாது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து வைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. மருந்துக் குப்பிகளுக்கு முத்திரை வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த விஷம் கடை அலமாரியிலிருந்து வந்தது, பக்கத்து வீட்டு வாசலிலிருந்து வரவில்லை.

அந்த ஆண்டுகளில் ஆஸ்பத்திரிகள் ஹாலோவீன் மிட்டாய்களை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தன. எக்ஸ்ரேயில் பிளேடு தெரியும். சர்க்கரையோடு கலந்த சயனைடு தெரியாது. பெற்றோர் பார்த்துக் கொடுத்தால் போதும் என்பது இன்னொரு அறிவுரை. 1974இல் படுக்கப்போகும் முன் ஒரு மிட்டாய் தின்னலாம் என்று அனுமதி கொடுத்து, குழலில் கட்டிதட்டியிருந்த தூளைத் தன் கையாலேயே உதிர்த்துக் கொடுத்தவர் ஓபிரையன்தான்.