உள்ளேன் ஐயா

வகுப்பில் பெயர் வாசிக்கும்போது பிள்ளைகள் சொல்லும் பதிலைப் பற்றி இருபத்திரண்டு வருஷங்களாக நான் யோசித்ததில்லை. 'உள்ளேன் ஐயா.' மற்ற நேரமெல்லாம் 'சார்' என்று கூப்பிடுகிறவன் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் 'ஐயா' என்கிறான். பேச்சில் எங்கும் புழங்காத 'உள்ளேன்' என்ற சொல்லை நாளுக்கு இரண்டு தடவை சொல்கிறான். இலக்கணத்தில் அது குறிப்பு வினைமுற்று. காலத்தை வெளிப்படையாகக் காட்டாதது. வந்திருக்கிறேன் என்றோ, இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றோ அது சொல்வதில்லை. இருப்பு, அவ்வளவுதான். ஐரோப்பியத் தத்துவக்காரர்கள் தலையணை கனத்துக்குப் புத்தகம் எழுதி எட்டிப் பிடிக்கப் பார்த்த ஒரு வாக்கியத்தை ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும்.

யோசிக்காததற்குக் காரணம், அந்தப் பதில் உண்மையில் தேவைப்படாததுதான். உடம்பு எதிரே இருக்கிறது. பெஞ்சில் இடம் அடைத்திருக்கிறது. பதில் ஒரு சடங்கு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடி, ஜூலையில் நான் கைபேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்துவைத்துப் 'புதிய' ஆசிரியன் ஆனபோது இது தலைகீழாயிற்று. பதில் வந்தது, உடம்பைக் காணோம். சில வாரங்களில் பதிலும் குறைந்தது.

எங்கள் பள்ளி வேடசந்தூர்ப் பக்கம். சுற்றிலும் நூற்பாலைகள். கிராமங்களுக்குள் காலையில் ஆலை வேன் வரும், பிறகுதான் பள்ளிக்கூட மணி. என் வகுப்பில் 42 பேர். திரையில் பதினொரு பேர் வந்தால் அன்று நல்ல நாள். அந்தப் பதினொருவரின் பெயர்களும் அவர்கள் பெயர்களாக இல்லை. கைபேசி யாருடையதோ அவர் பெயர்தான் வட்டத்துக்குள் நின்றது. 'முருகன் டிராக்டர்', 'சித்தி புது நம்பர்', ஒரு நடிகரின் ரசிகர் மன்றம், ஒரு கைபேசி மாடலின் எண். நான் முருகன் டிராக்டரைப் பார்த்துப் பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு அப்பாவோடு கைபேசி வேலைக்குப் போய்விடும் என்பது எனக்கு விளங்கவே மூன்று வாரம் பிடித்தது. வகுப்பை இரவு எட்டுக்கு மாற்றினேன். அப்போது கைபேசி வீட்டில் இருக்கும். ஆனால் அதற்காக அண்ணன் காத்திருப்பான்.

இப்பிள்ளைகளுக்குக் கல்வித்துறையில் ஒரு பெயர் உண்டு: இடைநிற்கும் அபாயத்தில் உள்ளவர்கள். பட்டியல் கேட்பார்கள், எழுதிக் கொடுப்போம். அபாயம் பிள்ளைக்குள் இருப்பதுபோல அந்தச் சொற்றொடர் ஒலிப்பதை முன்பு நான் கவனித்ததில்லை.

சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. 2021 ஜனவரி. பெயர் வேண்டாம். வகுப்புக்கு வாரத்தில் மூன்று நாளாவது வருவாள். கேள்வி கேட்டால் எழுத்தில் பதில் போடுவாள், ஒலியைத் திறக்கமாட்டாள், முகம் காட்டமாட்டாள். ஒவ்வொரு வாரமும் வட்டத்துக்குள் வேறு யாருடைய பெயரோ இருக்கும். நான்தான் இன்னாரென்று முதல் வரியில் எழுதிவிடுவாள். அன்று எனக்கு எரிச்சல். பல பேர் கைபேசியைத் திறந்து வைத்துவிட்டு ஃப்ரீ ஃபயர் ஆடுகிறார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள், பொய்யுமில்லை. வட்டங்களோடு பேசிப் பேசி எனக்கே நான் இருக்கிறேனா என்று சந்தேகம் வந்திருந்த மாதம் அது. "எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க. முகம் தெரியாதவங்களுக்கு ஆப்சென்ட்" என்றேன். ஒவ்வொருவராகத் திறந்தார்கள். அவள் திறக்கவில்லை. பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டேன். "என்னம்மா, மூஞ்சியக் காட்டறதுல என்ன கஷ்டம்?"

திறந்தாள். தலையில் துணித் தொப்பி. தொப்பியிலும் புருவத்திலும் பஞ்சு. பின்னால் சுவரோரம் வரிசையாகத் தகரப் பெட்டிகள், கொடியில் ஒரே மாதிரியான மேலங்கிகள். ஆலை விடுதி. இரண்டு பெண்கள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு விலகினார்கள். அன்றைய பாடம் தொழிற்புரட்சி. ஆர்க்ரைட்டின் நீர்ச்சக்கர நூற்பு இயந்திரம், 1769. யாராவது சிறுகதையில் இப்படி எழுதி அனுப்பியிருந்தால் இந்த இடத்தை அடித்துவிடச் சொல்லியிருப்பேன். வாழ்க்கைக்கு அந்த அளவு ரசனை இல்லை.

பத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். நான் "சரிம்மா" என்றேன். அணைத்தாள். அப்புறம் அவள் வரவில்லை.

இதில் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: அந்தப் பதினொருவரில் முழுதாக 'உள்ளவள்' அவள் ஒருத்திதான். ஷிப்டு முடிந்து, கெஞ்சி ஒரு கைபேசி வாங்கி, குளிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம்தான் நான் இருப்புக்கு அத்தாட்சி கேட்டேன்.

ஸார்த்தரின் 1943-ஆம் வருஷத்துப் பெரிய புத்தகத்தில் சாவித் துவாரத்தின் வழியாகப் பார்க்கும் மனிதன் வருகிறான். நடையில் காலடிச் சத்தம் கேட்கும்வரை அவன் வெறும் பார்வை. சத்தம் கேட்டதும் பார்க்கப்படுகிறவனாகிறான், வெட்கம் பிறக்கிறது. நம் வட்டத்தில் இதை மேற்கோள் காட்டாதவர்கள் குறைவு, நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் திரை வகுப்பில் இந்த அமைப்பே குலைந்துபோகிறது. துவாரத்தில் கண்வைத்தவன் நான், எனக்குப் பின்னால் காலடி எதுவும் கேட்கவில்லை. எனக்குச் சம்பளமும் அதிகாரமும் இருந்தன. பார்ப்பது என் கடமை என்றுகூட எழுதியிருந்தது. வெட்கம் முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. அதிலும் ஒரு கொடுமை: பிறர் தன்னைப் பார்க்கிற அதே கணத்தில், மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில், அவளும் தன்னைப் பார்க்கவேண்டியிருந்தது. எந்த வகுப்பறையும் ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டதில்லை.

இல்லிச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளியை ஒழித்த சமூகம் பற்றிய அவருடைய நூல் 1971இல் வந்தது. கல்வி வேறு, பள்ளி வேறு; பள்ளி என்கிற ஸ்தாபனம் கரைந்தால், கற்க விரும்புகிறவர்கள் வலைபோலத் தமக்குள் இணைந்துகொள்வார்கள் என்றார். அந்த இணைப்புக்குக் கணிப்பொறியைக்கூட யோசித்து வைத்திருந்தார். சம்பளத்தைப் பள்ளியில் வாங்கிக்கொண்டு, பள்ளியை இகழ்ந்து பேசும் பேச்சை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். 2020இல் பள்ளி கரைந்தது. கணிப்பொறி ஒவ்வொரு கையிலும் இருந்தது, அல்லது ஒவ்வொரு அப்பாவின் கையிலும். அப்போதுதான் ஓடு வேய்ந்த அந்தக் கட்டடம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது உறைத்தது. காலை ஒன்பதரையிலிருந்து நாலேகால்வரை ஒரு பெண்பிள்ளை வீட்டில் இல்லாமலிருக்க அது ஒரு நியாயம். எவரும் கேள்வி கேட்கமுடியாத நியாயம். நான் சொல்லிக்கொடுத்த புரட்சிகளெல்லாம் அந்த நியாயத்துக்கு மேல்பூச்சு. அதோடு அந்தச் சுவர் வீட்டை மறைத்தது. வறுமையை மறைத்தது என்று சொன்னால் போலித்தனம் என்பார்கள். இருக்கட்டும். நாளில் ஏழு மணி நேரம் தன் வீடு தெரியாமல் இருப்பது பதினாலு வயசுக்கு எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது, சொந்த அறையில் வளர்ந்தவர்களுக்குப் பிடிபடுவது கஷ்டம்.

சிமோன் வெய்ல் 1942இல் பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணக்குக்கு விடை வராவிட்டாலும் பாதகமில்லை, அதில் செலுத்தும் கவனம்தான் பலன், அது வேறெங்கோ போய்ச் சேரும் என்ற ரீதியில். அதை நான் வெகுவாக நம்பினேன். அவரும் பள்ளிக்கூடத்தில் தத்துவம் கற்பித்தவர்தான், ஆலையில் வேலையும் பார்த்தவர். ஆனால் அந்தக் கட்டுரை கேட்பது மாணவனின் கவனத்தை. ஆசிரியனுடைய கவனம் எப்படி இருக்கவேண்டும் என்பது எனக்கு அதிலிருந்து கிடைக்கவில்லை. கவனம் என்பதைக் கண்ணின் காரியமாகவே எண்ணிப் பழகிவிட்டேனோ என்று படுகிறது. நம் அவதானிகள் எட்டும் நூறும் மனசில் நிறுத்துவார்கள்; அதில் பெரும்பாகம் காது. முதுகில் விழும் கல்லை எண்ணுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு பையன். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ராத்திரி மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். அவன் வகுப்புக்கே வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நான் பதிவுசெய்து போடும் பாடங்களையும் கேட்டமாதிரி தெரியவில்லை. ஆனால் பத்தரை, பதினொன்று வாக்கில் குரல் செய்தி ஒன்று வரும். இரண்டு விநாடி. பின்னணியில் லாரி உறுமலும் "ஏய் தள்ளு தள்ளு" என்ற சத்தமும். நடுவில் அவன்: "உள்ளேன் ஐயா." முதலில் கேலி என்று நினைத்தேன். இருக்கலாம், கொஞ்சம் கேலியும் இருந்திருக்கலாம். ஆனால் தினமும் வந்தது. நான் அவனுக்கு வருகை போட்டேன்.

இது பொய்யா? வருகைப் பதிவேடு சாட்சியப் பத்திரம். அதில் நான் கையெழுத்திடுகிறேன். முந்தைய வருஷத்துப் பத்தாம் வகுப்புக்குத் தேர்வு ரத்தானபோது, காலாண்டு அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவிகிதம், வருகைக்கு 20 என்று 2020 ஜூன் 9இல் அரசு அறிவித்தது. ஆக, நான் இடும் ஒவ்வொரு குறியும் நாளைக்கு மதிப்பெண் ஆகலாம் என்பது தெரிந்தே இட்டேன். பாடம் கேட்காதவனுக்கு இட்டேன். அவன் சொன்ன வாக்கியம் உண்மை. நான் எழுதிய குறி உண்மையில்லை. இரண்டையும் சமன் செய்ய எனக்கு வழி தெரியவில்லை. கருணையினால் செய்தேன் என்று சொல்லிக்கொண்டால் அது இன்னொரு பொய். அந்தக் குரல் நின்றுவிடுமோ என்ற பயம்தான் காரணம். அவனுக்கு நான் தேவைப்பட்டதைவிட எனக்கு அந்த இரண்டு விநாடி தேவைப்பட்டது.

அந்தப் பெண் விஷயத்தில் பயம் வேறு மாதிரி. பார்த்தாயிற்று, பார்த்தவனுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. 1098க்குக் கூப்பிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டாயக் கல்விச் சட்டம், 2009, ஆறிலிருந்து பதினாலு வயசுவரை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பதினாலு நிரம்பினவர்களை அபாயமான தொழில்கள் தவிர மற்றவற்றில் வேலைக்கு அனுமதிக்கிறது. ஒரு சட்டம் கையை விடுகிற அதே படியில் இன்னொரு சட்டம் கதவைத் திறக்கிறது. அவளுக்குப் பதினாலு முடிந்து நாலு மாதம். நான் கூப்பிடவில்லை. சட்டம் காரணமென்று அப்போது சொல்லிக்கொண்டேன். நிஜத்தில், அவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் யார் முகத்தில் நான் விழிப்பது என்ற யோசனைதான் ஓடியது. மறுபடியும் என் முகம்.

பிப்ரவரி 8இல் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. சந்தைப் பையன் வந்தான், ஒரு சாண் உயர்ந்து, குரல் உடைந்து. பெயர் வாசித்தபோது "உள்ளேன் ஐயா" என்றுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவள் வரவில்லை. 25ஆம் தேதி ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாருக்கும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். மார்ச் 22இல் மறுபடி மூடினார்கள். அவள், இல்லாமலே, பத்தாம் வகுப்புக்குப் போனாள்.

செப்டம்பர் 1, 2021. திரும்பத் திறந்தபோது பத்தாம் வகுப்புப் பதிவேட்டில் அவள் பெயர் பதினேழாவது. இரண்டு வாரம் வாசித்தேன். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு மௌனம் பழக்கமாகி, பிள்ளைகள் அதற்கேற்ற மாதிரி மூச்சு விட்டார்கள். தொடர்ந்து வராதவர்களை ஆன்லைன் பதிவேட்டிலிருந்து 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குத் தள்ளவேண்டும், போய் விசாரித்துவிட்டு வாருங்கள் என்றார் தலைமையாசிரியர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மாதான் வாசலில் இருந்தாள். நாற்காலி போட்டாள், டீ வைக்கிறேன் என்றாள். லீவில் வந்திருக்கிறதா பிள்ளை என்று நான் கேட்கவில்லை. வாசப்படி ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு, நீலப் பட்டை, பட்டையின் இடுக்கில் பஞ்சு. உள்ளே பாத்திரம் நகர்ந்த சத்தம் ஒருமுறை கேட்டது, பிறகு இல்லை. "கூப்பிடவா சார்?" என்றாள் அம்மா, என் கண் போன இடத்தைப் பார்த்து.

வேண்டாம் என்றேன். மரியாதையினால் சொன்னேனா, அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கும் தைரியம் இல்லாமல் சொன்னேனா என்பதை இன்றுவரை என்னால் பிரிக்கமுடியவில்லை. கொண்டுபோன பத்தாம் வகுப்புப் புத்தகங்களைத் திண்ணைமேல் வைத்தேன். அம்மா அவற்றை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். டீயைக் குடித்துவிட்டு நான் கிளம்பும்வரை அவை திரும்பி வரவில்லை.

காமன் பூலுக்கு அவள் பெயரை நான் இன்னும் ஒரு மாதம் தள்ளவில்லை. அந்த ஒரு மாதமும் பதினேழாவது பெயரை வாசித்தேன்.