வேண்டாம் என்று சொல்லும் உரிமை

அன்பை விலைக்கு வாங்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியாது என்று உடனே சொல்லிவிடுகிறோம். அந்தப் பதிலில் நமக்கு ஒரு திருப்தியும் இருக்கிறது. ஆனால் எண்பது வயதுத் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் படுக்கையில் கிடக்கும்போது அதே கேள்வி வேறு உருவில் வந்து நிற்கிறது. மகனுக்கும் மருமகளுக்கும் உத்தியோகம். பேரன் வெளிநாட்டில். இரவில் இரண்டு முறை தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். அந்த ஆளைச் சம்பளம் கொடுத்து வீட்டுக்கு வரவழைப்பதா, அல்லது அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும் இடத்துக்குத் தாயாரை அனுப்புவதா?

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாத குடும்பங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதை எட்டியவர்கள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று தெரியவந்தது. ஆயுள் நீண்டது; தாங்கும் தோள்கள் குறைந்துவிட்டன. இதில் யாருடைய குற்றமும் இல்லை.

இந்தத் தேவையை உத்தேசித்துச் சில குடும்பங்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டையே முதியோர் தங்கும் இடமாக மாற்றியிருக்கின்றன. ‘முதியோர் இல்லம்’ என்று எழுதினால் அழைத்து வருகிற பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும் என்பதாலோ என்னவோ, பலகையில் ‘அஸிஸ்டெட் லிவிங்’ என்று இருக்கும். அடையாற்றில் அப்படி ஒரு வீட்டுக்கு, அங்கே இருக்கும் உறவினர் ஒருவரைப் பார்க்க நான் போவதுண்டு. எட்டு முதியவர்கள். வீட்டு அம்மாள் நர்ஸாக வேலை பார்த்தவர். கணவர் கணக்கு வழக்கையும் மருந்துக் கடையையும் கவனித்துக்கொள்கிறார். மாமியார் சமையலறைக்கு அதிபதி. எல்லாருக்கும் ஒரே சாம்பார், ஒரே ரசம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் கூடத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப் பாடம் எழுதுகிறான். கணக்கில் சந்தேகம் வந்தால் கேட்க நாலு தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

“என்ன இருந்தாலும் கூலிக்கு மாரடிப்பதுதானே?” என்றார் ஒரு நண்பர், இந்த வீட்டைப் பற்றி நான் சொன்னபோது. நம்மில் பலருடைய அபிப்பிராயம் அதுதான். காசு நுழைந்த இடத்திலிருந்து பாசம் வெளியேறிவிடும் என்று நினைக்கிறோம். பெல்ஜியத்தில் கீல் என்று ஓர் ஊர். மத்திய காலத்திலிருந்தே அந்த ஊர்க் குடும்பங்கள் மனநோயாளிகளைத் தங்கள் வீட்டில் ஏற்று வைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. இதற்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. பணம் வாங்குவதால் அந்த வீடுகள் வீடுகளாக இல்லாமல் போய்விடவில்லை. வருஷக்கணக்காக ஒரே குடும்பத்தோடு இருந்தவர்கள் அங்கே உண்டு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பணமே வாங்காமல் பணிவிடை நடந்த அந்தப் பழைய கூட்டுக் குடும்பத்தில், பணிவிடை செய்தது யார்? பெரும்பாலும் மருமகள். அல்லது சிறு வயதிலேயே தாலி இழந்து, பிறந்த வீட்டு அடுக்களையில் காலம் கழித்த ஓர் அத்தை. இரவில் எழுந்து கிழவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்குப் பிரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘என்னால் முடியவில்லை, வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்ததா? போவதற்குத்தான் வேறு இடம் இருந்ததா? அவளுடைய கதியற்ற நிலைக்கு நாம் பாசம் என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம். சம்பளத்துக்குத் தூக்கி விடுகிற ஆயா, பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அந்த மட்டில் அவளுடைய கை, அத்தையின் கையைவிடச் சுதந்திரமானது.

அப்படியானால் முதியவர்களைக் காசு கட்டி ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? அதுவும் இல்லை. குழந்தைகளைப் பணம் கட்டி ஹாஸ்டலில் விடுகிறோமே, அதைக் கைவிடுவது என்று யாராவது சொல்கிறார்களா என்று வாதிப்பவர்கள் உண்டு. மயிலாப்பூரிலேயே 1905ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம், வீட்டில் வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறது; அதை மதித்துப் போற்றுகிறோம். ஆனால் குழந்தை போவது வளர்ந்து திரும்பி வருவதற்கு. எண்பது வயதில் பெட்டியோடு வாசல்படி இறங்குகிறவருக்குத் திரும்பி வருவோம் என்ற நிச்சயம் இல்லை.

திரும்பி வராமல் போவதும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. வானப்பிரஸ்தம் என்று அதற்கு ஒரு தனி ஆசிரமத்தையே வகுத்திருந்தார்கள். கடைசிக் காலத்தைக் காசியில் கழிக்கப் புறப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்காக யாரும் வெட்கப்படவில்லை. ஏன்? அவர்கள் தாங்களாகவே தீர்மானித்துப் புறப்பட்டார்கள். இங்கேயோ தீர்மானம் வேறோர் அறையில், மகனும் மகளும் தொலைபேசியில் பேசி முடிக்கிற விஷயமாக இருக்கிறது. போகிறவருக்குச் செய்தியாகத்தான் அது வந்து சேர்கிறது. உறுத்துவது காசு அல்ல, இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடையாற்று வீட்டில் ஒரு நாள் காலையில் நான் பார்த்தேன். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டு அம்மாள் வந்து, “மாமா, குளிக்கலாமா?” என்று கேட்டார்.

“இன்னிக்கு வேண்டாம்மா.”

“சரி மாமா.” அவ்வளவுதான். போய்விட்டார்.

அந்த மனிதருக்கு ஞாபக மறதி நோய். அவரிடம் போய்ச் சம்மதம் கேட்பானேன் என்று நான் விசாரித்தேன். “அரை மணி கழிச்சுக் கேட்டா சரின்னுடுவார். இழுத்துண்டு போனா நாள் பூரா கோபமா இருப்பார்” என்றார் அந்த அம்மாள். அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரக் காத்திருப்பில் அந்த மனிதருடைய மானம் முழுவதும் காப்பாற்றப்பட்டுவிட்டது.

எல்லாவற்றிலும் ‘வேண்டா’முக்கு இடம் கொடுக்க முடியாது என்பது வாஸ்தவம். சாயங்காலமானால் ஆபீசுக்குப் புறப்படுகிறவருக்கு வாசல் கேட்டைப் பூட்டித்தான் ஆக வேண்டும். மாத்திரையை எப்படியாவது கொடுக்கத்தான் வேண்டும. ஆனால் ஒரு நாளில் அப்படிப்பட்ட பெரிய விஷயங்கள் இரண்டோ மூன்றோதான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, எந்தச் சட்டை, மோர்க் குழம்பா வற்றல் குழம்பா, ரேடியோவை நிறுத்தலாமா என்று மீதி நாள் முழுவதும் சின்ன விஷயங்கள். மனிதன் தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறான் என்ற எண்ணம் இந்தச் சின்ன விஷயங்களில்தான் உயிரோடு இருக்கிறது.

பணம் கட்டுவதால்தானே இந்த மரியாதை என்று கேட்கலாம். சென்னையில் சாவித்திரி வைத்தி என்ற அம்மையார் 1978ல் ‘விஸ்ராந்தி’ என்ற இல்லத்தை ஆரம்பித்தார். ஆதரவற்ற முதிய பெண்களுக்கென்று பாலவாக்கத்தில் இலவசமாக நடந்துவரும் இல்லம் அது. அங்கே வந்து சேரும் பாட்டியின் கையில் காலணா இல்லை. அதனால் அவளைக் கேட்காமலே எதையும் செய்யலாம் என்று நாம் சொல்வோமா? சொல்ல மாட்டோம். அப்படியானால் அந்த உரிமை ரசீதில் இல்லை, அவளிடத்தில்தான் இருக்கிறது. பணம் கட்டுகிறவருக்கு அதைக் கேட்டு வாங்கத் துணிச்சல் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

சட்டமும் தன்னாலானதைச் செய்கிறது. 2007ல் வந்த பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, பிள்ளைகள் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதச் சிறைவாசம்கூட உண்டு. நல்ல சட்டம். ஆனால், ‘அம்மா, உனக்கு எது பிடிக்கும்?’ என்று கேட்கும்படி எந்தச் சட்டமும் ஒரு பிள்ளைக்கு உத்தரவு போட முடியாது.

ஆகவே, எங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்பதைக் கொண்டு ஒரு குடும்பத்தின் தர்மத்தை எடை போட நான் தயாராக இல்லை. பெற்ற பிள்ளையின் வீட்டிலேயே, “உங்களுக்கு ஒத்துக்காதும்மா, பேசாம இருங்கோ” என்ற ஒரு வாக்கியத்தில் தாயாருடைய காபியும், கோயிலும், வெற்றிலையும், கடைசியில் அபிப்பிராயமும் பறிபோவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பிரியத்தினால்தான். காசு வாங்கிக்கொள்ளும் வீட்டில் ஒரு கிழவர் ‘வேண்டாம்’ என்று சொல்லி, அது செல்லுபடியாவதையும் பார்த்திருக்கிறேன்.

இல்லம் தேடிப் போகிறவர்கள் அறை விசாலமா, டாக்டர் வருவாரா, கட்டணம் எவ்வளவு என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதுதான். கூடவே, அங்கே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து, எந்த முதியவராவது ‘வேண்டாம்’ என்று சொல்கிறாரா, சொன்னால் என்ன நடக்கிறது என்றும் கவனிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, நம் வீட்டுக் கூடத்திலும் அதே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.