அன்றாட வாழ்வில் அழியா மகிழ்ச்சி

மகிழ்ச்சியை வேண்டாத மனிதர் இலர். உழைப்பவன் உழைப்பதும், கற்பவன் கற்பதும், பொருள் தேடுவோன் கடல் கடப்பதும் அதன் பொருட்டே. ஆயினும் அதைத் தேடியவர் பலர், பெற்றவர் சிலர், பெற்றதை இழவாமல் காத்தவர் மிகச் சிலர். சம்பள நாளில் தோன்றும் மகிழ்ச்சி, கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றதும் மறைகிறது. திருநாளன்று வீட்டை நிறைத்த மகிழ்ச்சி, மறுநாள் இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் புறப்படும்போது பழங்கதையாகிவிடுகிறது. இவ்வாறு வந்து போவதைக் களிப்பு எனலாம். களிப்பு தீதன்று, ஆனால் அதை அடித்தளமாகக் கொண்டு ஒரு வாழ்க்கையைக் கட்டி எழுப்ப இயலாது. வந்து போகாத மகிழ்ச்சி என ஒன்று உண்டா? உண்டெனின், அது எளிய மனிதரின் அன்றாட வாழ்வில் கிட்டக்கூடியதா?

உண்டு என்கிறது கிறித்தவ சமயம். அதைப் பேறாக மட்டும் கூறாமல் கடமையாகவும் விதிக்கிறது. பவுலடியார் பிலிப்பி நகரத்துத் திருச்சபைக்கு எழுதிய மடல் அளவிற் சிறியது. அச்சிறு மடலில் மகிழ்ச்சி என்னும் கருத்து மீண்டும் மீண்டும் வருகிறது. அதை எழுதியபோது அவர் சிறையில் இருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. விலங்கு பூண்டவன் தனக்குத்தானே மகிழ்ச்சியைக் கற்பித்துக்கொள்வது ஒன்று. வசதியாக வாழ்பவன் வறியவனை நோக்கி, ‘நீ மகிழ்ந்திரு’ என்பது முற்றிலும் வேறொன்று. முன்னது வீரம், பின்னது சில வேளைகளில் கொடுமை. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், இவ்வினாவை உழைக்கும் மக்கள் வாழ்ந்த மண்ணிலேயே வைத்து ஆராய்தல் வேண்டும்.

அத்தகைய மண் கோல சிலாங்கூர். சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் அவ்வூருக்கு வடக்கே தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சபாக் பெர்ணாம் என ஊர்கள் தொடர்கின்றன. உள்நாட்டுப் பக்கம் ஈஜோக்கும், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரும் உள்ளன. இவற்றின் இடையே பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடந்தன. இப்பகுதியைச் சேர்ந்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல், பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் புதினம் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரையின் பெயர் இலக்கிய வரலாற்றில் நிலைத்தது. அவருக்காக உழைத்த தமிழரின் மொழி தோட்டத்தின் பெயரில் நிலைத்தது. அத்தமிழரின் சொந்தப் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துபோயின.

இத்தோட்டங்களில் கிறித்தவக் குடும்பங்கள் சிலவே. அக்கம்பக்கத்தார் மாரியம்மனையும் முருகனையும் வழிபட்டவர்கள். குருவானவரோ போதகரோ நாள்தோறும் வர இயலாது. ஆகவே தோட்டத்துக் கிறித்தவரின் சமயம் கோவிலில் வாழ்ந்ததைவிட லயத்து வீட்டிலேயே மிகுதியாக வாழ்ந்தது. விடியுமுன் எழுந்து சொல்லும் சிறு செபம், உலை வைக்கும்போது முணுமுணுக்கும் ஞானப்பாட்டு, இரவில் விளக்கடியில் பிள்ளைகளைக் கூட்டி வாசிக்கும் திருமறைப் பகுதி ஆகியவையே அதன் வடிவங்கள். கிறித்துமசு நாளில் பலகாரத் தட்டு அண்டை வீடுகளுக்குச் செல்லும். தீபாவளியன்று அதே தட்டு வேறு பலகாரத்தோடு திரும்பி வரும். அவ்வொரு நாளை நீக்கினால் எஞ்சும் 364 நாள்களிலும் அச்சமயம் என்ன மகிழ்ச்சியைத் தந்தது என்பதே இங்கு வினா.

இவ்வினாவிற்கு எளிதிற் கிடைத்த விடைகள் இரண்டு. இரண்டும் பொய்யானவை.

முதல் விடை கள்ளுக்கடை. ஆங்கிலேயர் காலத்தில் பல தோட்டங்களில் அது அனுமதி பெற்றே நடந்தது. பகலெல்லாம் உழைத்தவனுக்கு மாலையில் மறதியை விற்றது. கூலியாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி மீண்டும் அவ்வழியே திரும்பிச் சென்றது. துன்பத்தை மறப்பது மகிழ்ச்சியாகாது. மறதி நீங்கியதும் துன்பம் முன்னிருந்த இடத்திலேயே நிற்கும். வீட்டிலிருந்த அரிசி மட்டும் குறைந்திருக்கும்.

இரண்டாம் விடை சமயத்தின் பெயரால் வந்தது. இவ்வுலகில் பொறுத்துக்கொள், மறுவுலகில் பெற்றுக்கொள்வாய் என்பது அதன் சாரம். சமயத்தை மக்களுக்கு அபின் என்று கார்ல் மார்க்சு 1844-இல் எழுதியது இத்தகைய போதனையைக் கருதியே. அக்குற்றச்சாட்டைக் கிறித்தவர் சினந்து ஒதுக்குவது முறையன்று. அது தம்மைச் சாருமா சாராதா என்று ஆராய்வதே முறை. கள்ளுக்கடை செய்யும் வேலையை வழிபாட்டுக் கூடமும் செய்யுமாயின், இரண்டிற்கும் வேறுபாடு யாது?

வரலாறு இங்கே ஓர் அளவுகோலை நல்குகிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு மற்றொன்றும் இருந்தது: துரைமாரும் மேலாளரும் எதிர்ப்படும்போது மிதிவண்டியை விட்டு இறங்காமலே செல்லத் தொழிலாளியை விட வேண்டும் என்பது. அவ்வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. வயிற்றுக்காக மட்டும் போராடுபவர்கள் மிதிவண்டியைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். மனிதன் என்னும் மதிப்பை அவர்கள் கேட்டார்கள்.

மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன் என்பது கிறித்தவத்தின் முதற்பாடம். அப்பாடத்தை நம்புகிறவன், இறங்கி நிற்கும் தொழிலாளியைப் பார்த்து, ‘இறங்கினாலும் மகிழ்ந்திரு’ என்று சொல்லி அமைய முடியாது. இறங்கும்போதும் அவன் மதிப்புக் குறைவதில்லை என்று சொல்லலாம். அத்துடன், அவனை இறங்கச் செய்வது தவறு என்றும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். பின்னதைச் சொல்லாமல் முன்னதை மட்டும் சொல்பவனுடையது பாதி நற்செய்தி. பாதி நற்செய்தி ஆளுவோருக்கு மட்டுமே நற்செய்தி.

அவ்வாறாயின் நிலைத்த மகிழ்ச்சி என்பது யாது? தன் மதிப்பு பிறர் கொடுத்ததன்று. ஆதலின் பிறரால் பறிக்கவும் இயலாது என்னும் உறுதியே அதன் வேர். தன்னை ஒருவர் அறிந்திருக்கிறார், அன்பு செய்கிறார் என்று உணரும் குழந்தை இருட்டிலும் அஞ்சுவதில்லை. இறைவனை அவ்வாறு உணர்ந்தவரின் நிலையும் அதுவே. இவ்வுறுதி பெரும் நிகழ்ச்சிகளில் மட்டும் விளங்குவதன்று. சிறு செயல்களில் நாள்தோறும் பயின்று வருவது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்சு என்பவர் வாழ்ந்தார். போரிற் காயமுற்றுக் கால் ஊனமானவர். மடத்தின் சமையலறையில் பல்லாண்டு பணி செய்தார். வழிபாட்டு வேளையும் பாத்திரம் துலக்கும் வேளையும் இறைவன் திருமுன் ஒன்றே என்பதே அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

பால்மரக் காட்டிலும் அந்நெறிக்கு இடமுண்டு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு வடியும்; ஆகவே தொழிலாளி இருளிலேயே நிரைக்குச் செல்கிறான். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழ்ந்தால் மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் பட்டை சீராக வளராது. நூற்றுக்கணக்கான மரங்களிலும் இக்கவனத்தைக் கடைப்பிடிப்பவன் எவர் கண்ணுக்காகவும் அதைச் செய்வதில்லை. விடியாத காட்டில் பார்ப்பவர் யார்? தன் வேலையைச் செம்மையாகச் செய்தோம் என்னும் நிறைவு அவனுக்கே உரியது. அந்நிறைவை இறைவனுக்குப் படையலாக்கும்போது அது வழிபாடாகிறது. ஆனால், தொழிலாளிக்கு இந்நிறைவு உண்டு என்பதைக் காட்டிக் கூலியைக் குறைப்பவர் அப்படையலைத் திருடியவர் ஆவார்.

நிலைத்த மகிழ்ச்சி கண்ணீரை விலக்குவதும் இல்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சப்பானியர் கொண்டு சென்றனர். நோயாலும் பசியாலும் மாண்டவர் பல்லாயிரவர். திரும்பி வராத தந்தையை எண்ணிக் காத்திருந்த வீட்டில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேச வாய் எழாது. அங்கே செய்யத்தக்கது உடனிருந்து அழுவதே. நண்பன் இலாசருவின் கல்லறையில் இயேசு பெருமானும் கண்ணீர் விட்டார் என யோவான் நற்செய்தி கூறுகிறது. அழத் தெரியாத மகிழ்ச்சி மரத்துப்போன மனமே அன்றி வேறன்று. வள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். இடுக்கண் இல்லாமை என அவர் தலைப்பிடவில்லை என்பதை ஆசிரியரும் மாணவரும் கருத்திற் கொள்வார்களாக. இடுக்கண் வரும், அதில் மனிதன் அழிந்துவிடாதிருத்தலே வேண்டப்படுவது.

தமிழ் கற்போர் நன்கறிந்த ஒருவரின் வாழ்வு இதற்குச் சான்று. மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை கிறித்தவர். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடியவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வறத்தைப் போற்றிப் பாடினார். பஞ்சம் நீங்கிய மறு ஆண்டு, 1879-இல், அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது. தமிழின் முதற்புதினமாகிய அந்நூல் நகைச்சுவை ததும்புவது. பிறர் பசியைக் கண்டு உருகிய உள்ளமும் பிறரைச் சிரிக்க வைத்த உள்ளமும் ஒன்றே. பசித்தவனை மறந்து சிரித்திருந்தால் அது களிப்பு. பசித்தவனுக்கு ஊட்டிய கை எழுதிய சிரிப்பு ஆதலின் அது மகிழ்ச்சி.

கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தான் மின்மினிகளுக்குப் பெயர்பெற்ற சிற்றூர். ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் அவை இரவுதோறும் கூடி ஒருசேர ஒளிவிடுகின்றன. ஒளி மின்மினியினுடையது, மரம் தந்ததன்று. ஆயினும் கரையோர மரங்களை வெட்டிவிட்டால் மின்மினிகள் வாழ இடமின்றிப் போகும். மனித மகிழ்ச்சியும் அத்தகையதே. அது சூழ்நிலையிலிருந்து பிறப்பதில்லை; ஆனால் சூழ்நிலையைக் காக்கவும் திருத்தவும் வேண்டிய கடமை உண்டு. இதை உணர்ந்த பெரியோர் செபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குருவானவர் 1882-இல் பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஒரு குடியேற்றத்தை அமைத்தார். துன் வீ. தி. சம்பந்தன் கிறித்தவர் அல்லர். ஆயினும் தோட்டத் துண்டாடலால் வேலையிழந்து தவித்த தொழிலாளர்க்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவர்களையே தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆக்கியது. அறம் எந்த ஒரு சமயத்தின் தனிச்சொத்தும் அன்று.

இன்று தோட்டங்களின் நிலை மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. தமிழ்க் குடும்பங்களிற் பல நகரங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பெயர்ந்தன. அவர்கள் செய்த வேலைகளை இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் செய்கின்றனர். மொழி அறியாமலும், உறவைப் பிரிந்தும், மேலாளரின் குரலுக்கு அஞ்சியும் வாழும் அவர்களிடத்தில் தமிழரின் பாட்டன்மார் மீண்டும் தோன்றியிருக்கிறார்கள். அவர்களைத் தமிழ்க் கிறித்தவர் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதே அவர்தம் மகிழ்ச்சிக்கு இக்காலம் வைத்திருக்கும் தேர்வு. நேற்று மிதிவண்டியை விட்டு இறக்கப்பட்டவனின் பேரன், இன்று மற்றொருவனை இறங்கச் சொல்வானாயின், அவன் வீட்டில் கிறித்துமசு விளக்கு எத்துணை எரிந்தாலும் அங்கே ஒளி இல்லை.

அழியா மகிழ்ச்சிக்கு அரிய தவம் வேண்டுவதில்லை. காலையில் எழுந்ததும் நன்றி கூறுதல், எடுத்த பணியை எவர் காணாவிடினும் செம்மையாகச் செய்தல், துன்புறுவோரின் பக்கத்தில் அமர்தல், அநீதியை அநீதி எனச் சொல்லுதல், உள்ளதைப் பகிர்ந்துண்ணுதல் ஆகிய ஐந்தும் நாள்தோறும் செய்யத்தக்கவை. இவற்றுள் நான்காவதை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கற்பிப்பது எளிது. பலர் அவ்வாறே கற்பித்தும் வந்தனர். மாணவர் உள்ளத்தில் மகிழ்ச்சியை விதைக்க விரும்பும் ஆசிரியர் ஐந்தையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்ற மாணவன் சிறையிலும் பாடுவான். வெளியே வந்ததும், சிறையில் எஞ்சியிருப்போருக்காக வாதாடுவான்.